அம்சவல்லி அண்ணியின் பச்சைத் தூள்

கோழிக்குக் கஞ்சா இலை போடுகிறார்களாம் என்ற செய்தி எனக்குப் பாரிஸில் கிடைத்தது. சொன்னவர் சகாதேவன், புதுச்சேரிப் பக்கத்து இரும்பை ஊர்க்காரர். அங்கே எங்கள் பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு அவர் மச்சான் போனில் சொன்னாராம். மச்சானுக்கு யார் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"உங்க ஊருப் பக்கந்தாங்க. பிரம்மதேசத்துலேர்ந்து மரக்காணம் வர்ற ரோட்ல, நீலத் தார்ப்பாய் கட்டின ஷெட்டாம். ஒரு பொம்பளை பிராய்லர் கோழிக்கு எலை அரைச்சுப் போடறாளாம். கோழிங்க சண்டை கிண்டை போடாம சாமியாருங்க மாதிரி உக்காந்திருக்குதுங்களாம்" என்றார், எனக்கு வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டே.

வெண்டைக்காயை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். அந்த ரோட்டில் நீலத் தார்ப்பாய் ஷெட் ஒன்றுதான் இருக்கிறது. அது நிற்கும் இடம் என் அப்பா எனக்கு விட்டுப்போன அரை ஏக்கர். பட்டா என் பெயரில். ஷெட் போட்டிருப்பவர்கள் என் பெரியப்பா மகன் கலியபெருமாளும் அவர் மனைவி அம்சவல்லி அண்ணியும். புதுச்சேரியில் பிரெஞ்சும் தமிழுமாகப் படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி, கவலையை இரண்டு மொழியிலும் படலாம் என்பது. வீட்டுக்கு வருவதற்குள் இரண்டிலும் பட்டு முடித்துவிட்டேன். போலீஸ் ஜீப், பட்டா நகல், விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அதிகாரி, எல்லாம் மனக்கண்ணில் வரிசையாக வந்து போயின.

அண்ணிக்குப் போன் போட்டேன்.

"கஞ்சாவா? யாரு தம்பி சொன்னது?"

"இரும்பைக்காரர் ஒருத்தர்."

"இரும்பை வரைக்கும் போயிடுச்சா! நான் மரக்காணத்தோட நின்னுடும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"என்ன அண்ணி, நீங்களே கிளப்பினதா?"

"பின்ன? கடைக்காரி பூங்குழலி தெனம் வந்து வேலியில நின்னுக்கிட்டு, என்னக்கா காயவைக்கிறே, என்னக்கா காயவைக்கிறேன்னு ஒரே நச்சு. முருங்கக்கீரைன்னு சொன்னேன், நம்பல. கீழாநெல்லின்னு சொன்னேன், நம்பல. கஞ்சாடின்னு சொன்னேன், ஒடனே நம்பிட்டா."

இதுதான் எங்கள் அண்ணி. உண்மையைச் சொல்லி நம்பாதவர்களிடம் அதற்கு மேல் உழைப்பைச் செலவழிக்க மாட்டார்.

ஆனாலும் ஜூலையில் விடுமுறை போட்டு ஊருக்கு வந்து, இலையை என் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முருங்கை, கீழாநெல்லி, கொஞ்சம் துளசி, பேருக்கு ஒரு பிடி வேப்பிலை. மூட்டை மூட்டையாக முகர்ந்து பார்த்தேன். "போலீஸ் நாய்கூட இப்படி முகராது தம்பி" என்றார் அண்ணி.

அண்ணி பிறந்தது மரக்காணத்தில். பதினாறு வயதில் உப்புக் கூடையைத் தலையில் ஏற்றியவர். உப்பளப் பாத்தியிலிருந்து கலியபெருமாள் அண்ணன் வாரிக் குவிப்பார். அண்ணி கூடையில் அள்ளிச் சுமந்து மேட்டில் கொட்டுவார். அப்படித்தான் கல்யாணமே நடந்தது. வாருகிறவர் கூடையை வேண்டுமென்றே நிறைக்காமல் அனுப்பியதை மேஸ்திரி பார்த்துவிட்டார். பிறகு ஊர் பார்த்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் சுமந்த பிறகு இரண்டு முட்டியும் போயின. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அண்ணன் இன்னும் உப்பளத்துக்குப் போகிறார். அண்ணி கோழிக்கு வந்துவிட்டார்.

கோழி ஏற்பாடு இதுதான். ஒரு கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொண்டுவந்து இறக்கும். மூவாயிரம் குஞ்சு. நாற்பது நாள் இவர்கள் வளர்க்க வேண்டும். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, தரையில் புது உமி பரப்பிக் காத்திருந்தால் அடுத்த குஞ்சு வரும். வரும் என்பது கம்பெனி மனது வைத்தால். அதற்கு அவர்கள் போட்டிருக்கும் முதல் நிபந்தனை, கம்பெனி தீவனத்தையும் கம்பெனி மருந்தையும் தவிர வேறு எதுவும் கோழியின் வாய்க்குள் போகக்கூடாது. அதில் அண்ணி கையெழுத்துப் போட்டிருக்கிறார். மீறினால் குஞ்சு கிடையாது. குஞ்சு இல்லாவிட்டால் அண்ணிக்குத் தெரிந்த இன்னொரு வேலை அந்தக் கூடைதான். அதைத் தூக்க முட்டி இல்லை.

இவ்வளவு தெரிந்தும் இலை போட ஆரம்பித்தது இரண்டு கோடைக்கு முன்னால். கத்திரி வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு விழுந்தன. கம்பெனிக்குப் போன் செய்தால் நாளைக்கு மருந்து வரும் என்றார்கள். அண்ணி வேலியோரத்து முருங்கையை ஒடித்து, அரைத்து, தண்ணீரில் கலக்கி வைத்தார். மறுநாள் சாவு குறைந்தது.

"அது இலையாலயா, இல்ல அன்னிக்கு மேகம் போட்டுச்சே, அதாலயா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டுந்தான்னு வெச்சுக்கோயேன். மேகத்தைக் காயவெச்சு மூட்டை கட்ட முடியாது. எலையக் கட்டலாம்."

அன்றிலிருந்து ஒரு மூட்டைத் தீவனத்துக்கு ஒரு படி பச்சைத் தூள். சாவு குறைச்சல், கோழி சுறுசுறுப்பு என்று அண்ணி சொல்கிறார். கம்பெனியும் நல்ல ஷெட் என்று பெயர் கொடுத்திருக்கிறது; காரணம் தெரியாமல்.

காரணத்தைத் தெரியாமல் வைத்திருப்பதுதான் கோழி வளர்ப்பதைவிடப் பெரிய வேலை. வாரத்துக்கு இரண்டு முறை சூப்பர்வைசர் வருவார். பெயர் சித்தார்த்தன், திண்டிவனத்துப் பையன், நல்ல மாதிரி. போன் செய்தால் இரண்டாவது ரிங்கில் எடுத்து "சொல்லுங்கக்கா" என்பார். நான் போய் இறங்கிய மறுநாளே அவர் வந்தார். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை முக்கிவிட்டு உள்ளே போய் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா, கோழி மூக்கெல்லாம் பச்சையா இருக்குது?"

"தார்ப்பாய் சாயம் போவுது சார்."

"தார்ப்பாய் நீலம்க்கா."

"வெயிலு மஞ்சளா இருக்குதுல்ல? நீலமும் மஞ்சளும் சேந்தா என்ன ஆகும்? படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

சித்தார்த்தன் யோசித்தார். கூரையைப் பார்த்தார். கோழியைக் கீழே விட்டார். பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே ஓலைப்பாய் போட்டுக் கீரை காய்ந்துகொண்டிருந்தது.

"இவ்ளோ கீரை எதுக்குக்கா?"

"எங்க கொழுந்தன் பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்காரு சார். அங்க முருங்கக்கீரையே கெடைக்காதாம். எடுத்துக்கிட்டுப் போறாரு."

"ஆறு மூட்டையா?"

"அங்க சொந்தக்காரங்க ஜாஸ்தி."

சித்தார்த்தன் என் பக்கம் திரும்பினார். பயத்தில் எனக்குத் தமிழ் வரவில்லை. "வீ" என்றேன். அந்த பிரெஞ்சு 'ஆமாம்' எதையோ உறுதி செய்ததுபோல அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

போனதும் அண்ணி என்னைப் பார்த்து, "நல்லாச் சொன்னே தம்பி. சுருக்கமா இருந்துது" என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. "இனிமே இங்க காயவைக்கக் கூடாது. ஒரு தபா பிரான்ஸ் சொல்லியாச்சு. அடுத்த தபா எந்த நாட்டைச் சொல்றது?"

வழி சொன்னவர் அண்ணன். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் உப்பளத்தைப் பற்றித்தான் இருக்கும். "எங்க அளத்துல ரெண்டு பாத்தி சும்மா கெடக்குது. காத்து என்னமா அடிக்குது தெரியுமா? மத்தியானம் போட்டா சாயந்திரம் எடுத்துக்கலாம்."

அப்படியே செய்தார்கள். டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கீரையைக் கொண்டுபோய், காய்ந்து வெள்ளை பூத்துக் கிடந்த பாத்தித் தரையில் பரப்பினார்கள். கடற்காற்றும் வெயிலும் சேர்ந்து அரை நாளில் பொரித்த அப்பளம்போல மொறுமொறுவென்று ஆக்கிவிட்டன. அங்கே கிடந்த காலி உப்புச் சாக்குகளில் அடைத்துக்கொண்டு வந்தார்கள். வாயில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து, "நல்லாக் காஞ்சிருக்குது" என்றார் அண்ணன். அண்ணியும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து, "இத்தனை வருஷம் இது தோணலியே" என்றார். அதற்கு முந்தின நாள்தான் புதுத் தீவனம் வந்திருந்தது. அதில் இந்தப் புதுத் தூளைக் கலந்தார்கள்.

இரண்டாம் நாளே கோழிகள் தண்ணீர்க் குழாயை விட்டு நகர மறுத்தன. ஒரு நாளைக்கு ஒரு முறை நிரப்பும் தொட்டியை மூன்று முறை நிரப்ப வேண்டியிருந்தது. குடித்தது எங்கே போகும்? உமித் தரை சொதசொதவென்று ஆகிவிட்டது. கால் வைத்தால் சத்தம் கேட்டது.

"கல்யாண வீட்டுல பிரியாணி தின்னவனுங்க மாதிரி தண்ணி தண்ணின்னு கெடக்குதுங்களே" என்று அண்ணி கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சித்தார்த்தன் வந்துவிட்டார். குனிந்து ஒரு பிடி உமியை எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"என்னக்கா இது, நாத்து நடலாம் போல இருக்குது."

"அதான் சார், எனக்கும் ஒண்ணும் புரியல."

அது உண்மை. அன்றைக்கு அவர் சொன்ன கடைசி உண்மையும் அதுதான்.

சித்தார்த்தன் தீவனத் தட்டருகில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது உப்புக்கா. தீவனத்துல உப்பு ஜாஸ்தியாயிருந்தா இப்படித்தான் குடிக்கும். மில்லுல கலக்கும்போது கைய விட்டுட்டாங்க போல."

ஆயத்தமாக ஒரு பொய் எதிரே வந்து நின்றால் அண்ணியால் அதை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. "நானும் அதான் சார் நெனச்சேன். கையில ஒட்டினதை நக்கிப் பாத்தேன். அப்பப்பா, என்னா கரிப்பு!"

அவர் எதையும் நக்கிப் பார்க்கவில்லை. சித்தார்த்தன் தட்டிலிருந்தே ஒரு கை தீவனத்தை அள்ளி பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போய்விட்டார். பிரிக்காத மூட்டையில் எடுத்திருந்தால் வேறு கதை. தட்டில் இருந்ததில் எங்கள் தூளும் கலந்திருந்தது. இவ்வளவு நாள் பச்சையைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அது தார்ப்பாய் சாயமாகவே ஆகிவிட்டதோ என்னவோ.

"இந்தத் தபா நம்ம மேல தப்பே இல்ல தம்பி, மில்லுக்காரன் தப்பு" என்று அண்ணி குஷியாகிவிட்டார். எனக்குத்தான் நிம்மதி என்பது ஒத்துவராதே. இலையில் வேறு ஏதாவது கலந்திருந்தால்? பூங்குழலி விளையாட்டுக்கு எதையாவது போட்டிருந்தால்? சாக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். அடுத்த நொடி வேலியோரம் போய்த் துப்பிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, உப்பு!"

"எங்க?"

"இதுல! வாயே வெந்துபோச்சு!"

அண்ணி ஒரு சிட்டிகை போட்டுச் சப்பினார். "இல்லியே." அண்ணன் ஒரு சிட்டிகை போட்டார். "கொஞ்சம் சப்புன்னு இருக்குது" என்றார்.

எனக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைத்து ஆறு வருஷம் ஆகிறது. இவர்கள் இருவருக்கும் உதடு முப்பது வருஷமாக உப்பிலேயே இருக்கிறது. அந்த வீட்டுக் குழம்பையே நான் வந்த நாளிலிருந்து சோற்றில் தொட்டுத் தொட்டுத்தான் தின்றுகொண்டிருந்தேன். அண்ணி என் முகத்தையே பார்த்தார். பிறகு சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். பச்சைத் தூளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு உள்ளங்கை அளவு உதிர்ந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஊறுகா போட்டு வெச்சிருக்கேன் தம்பி! மூவாயிரம் கோழிக்கு உசுரோட ஊறுகா போட்டு வெச்சிருக்கேன்!" கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அண்ணனும் நானும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம். தட்டுகளைக் கழுவி, தூள் கலக்காத தீவனத்தைப் போட்டு, ஈர உமியை வாரி வெளியே தள்ளினோம். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மணிகண்டன் வந்தான். தீவன மில்லில் கலவை போடுகிறவன். ஆள் குறைந்த நாட்களில் லாரியிலும் வந்து மூட்டை இறக்குவான். அண்ணியின் இலைச் சாக்குகளைப் பார்த்த ஒரே கம்பெனி ஆள் அவன்தான். ஒரு தடவை சித்தார்த்தன் வந்து, "என்ன பச்சை வாசனை அடிக்குது?" என்று கேட்டபோது, "எங்க அம்மா கட்டிக்குடுத்த கீரை சாதம் சார்" என்று தன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டியவன். அதில் இருந்தது எலுமிச்சம்பழ சாதம். நல்லவேளை, அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"அக்கா, பன்னெண்டு மணிக்கு என்னை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றான். முகம் செத்திருந்தது. "உங்க ஷெட்டு சாம்பிள்ல உப்பு ரெட்டிப்பாம். நான் சரியாத்தாங்க்கா போட்டேன். போன வருஷம் ஒரு மூட்டை மாறிப் போச்சுல்ல, அதனால நான் சொல்றதை நம்ப மாட்டேங்கிறாங்க. நிறுத்திடுவாங்க போல."

"எலையப் பத்தி ஏதாவது சொன்னியா?" என்று அண்ணன் கேட்டார்.

"அதை எதுக்குண்ணே சொல்லணும்? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அண்ணி உள்ளே போனார். மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதில் உப்பு போட்டிருந்தாரா என்று நான் கவனிக்கவில்லை. குடித்துவிட்டு, "நம்ம ஷெட்டுக்கு நான் எப்பவாவது கொறை வெச்சிருக்கேனாக்கா? கேட்டாங்கன்னா நல்லவன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் யாரும் ஜோக் அடிக்கவில்லை. நான் ஊருக்கு வந்து அப்படி ஒரு நேரத்தைப் பார்த்ததே இல்லை.

கடைசியில் அண்ணன்தான் பேசினார். "சொன்னா அடுத்த குஞ்சு வராது."

"தெரியும்."

"அளத்துக்கு வந்து கூடை தூக்க முட்டி இருக்குதா உனக்கு?"

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அந்தப் புள்ள எனக்காகக் கீரை சாதம்னு சொன்னான்யா."

நான் நடுவில் புகுந்தேன். கடற்காற்றில் உப்பு பறந்துவந்து தட்டில் விழுந்திருக்கலாம் என்று சொல்லலாமே, அதில் இலையும் வராது, மணிகண்டனும் தப்பிப்பான் என்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, பொய் சொல்றதுக்கு நான் உன்கிட்ட ட்ரெய்னிங் எடுக்கணுமா? சாக்கு மூட்டைக் கணக்குல உப்பு பறந்து வருமா? தார்ப்பாய் சாயம் போற ஊராவே இருக்கட்டும், அதுக்கும் ஒரு அளவு இருக்குது."

ஷெட்டுக்குள் போய், ஒரு தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு மனப்பாடம் செய்வதுபோல முணுமுணுத்தார். "சார், நான்தான். எலை போட்டது நான்தான். ரெண்டு வருஷமா போடறேன். உப்பு எங்க வீட்டு உப்பு." நிறுத்தினார். "எவ்ளோ சின்னதா இருக்குது பாரு. பொய்யின்னா எத்தனை வரி வரும்."

மணி பதினொன்று இருபத்தைந்து. சித்தார்த்தனுக்குப் போன் போட்டார். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு" என்றேன்.

பதினொன்று முப்பத்திரண்டு. மறுபடியும் போட்டார். முழுதாக அடித்து ஓய்ந்தது.

"தார்ப்பாய் சாயம்னு சொல்ல வேண்டிய அன்னிக்கெல்லாம் ரெண்டாவது ரிங்ல எடுத்தான்" என்றார் அண்ணி. "மணிகண்டனுக்குப் பண்ணட்டுமா?" என்று அண்ணன் கேட்டார். "அவன் சொன்னா எவன் நம்புவான்? நான்தான் சொல்லணும்." என் பக்கம் கையை நீட்டினார். "உன் போனைக் குடு. வெளிநாட்டு நம்பருன்னா எடுப்பான்."

கொடுத்தேன். அந்த நம்பரிலிருந்து இந்த ஒப்புதல் போனால் என் பெயரும் எங்கேயாவது பதிவாகுமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அண்ணி நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மூட்டைமேல் வைத்தார். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காலடியில் நேற்றைய உப்புக்கு இன்னும் தாகம் தீராத கோழிகள், அலகில் மிச்சமிருந்த பச்சையோடு, குழாயைக் கொத்திக்கொண்டிருந்தன.

"எடு சார்" என்றார் அண்ணி போனைப் பார்த்து. "இந்தத் தபா நெஜமாத்தான் சொல்றேன், எடு."

பதினொன்று நாற்பத்தொன்று. ரிங் போய்க்கொண்டிருந்தது.